தாகம் எடுக்காதவன்

செவ்வாயில் இறங்கிய முதல் நாள் இரவு, கேப்டன் ஜான் பிளாக் தூக்கம் வராமல் படுத்திருக்கிறான். அன்று காலை ராக்கெட்டின் கதவைத் திறந்தபோது எதிரே இருந்தது அவன் பிள்ளைப் பருவத்து அமெரிக்கச் சிற்றூர். புல்வெளி, முகப்புத் திண்ணை, ஏதோ ஒரு வீட்டிலிருந்து பியானோ. சற்று நேரத்தில், எப்போதோ இறந்துபோன சகோதரன் எட்வர்ட் ஓடி வந்து கட்டிக்கொள்கிறான். வீட்டில் அம்மாவும் அப்பாவும் காத்திருக்கிறார்கள். குழுவில் உள்ள மற்றவர்களுக்கும் இதே கதைதான். ஒருவனுக்குத் தாத்தா பாட்டி, இன்னொருவனுக்கு வேறு யாரோ. காவலுக்கு நின்றவர்களும் ராக்கெட்டை அம்போவென்று விட்டுவிட்டு ஆளுக்கொரு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

இருட்டில் கேப்டனின் மூளை மெதுவாக வேலை செய்யத் தொடங்குகிறது. செவ்வாயில் உண்மையிலேயே யாராவது இருந்து, நம்மைப் படையெடுத்து வந்தவர்களாகக் கருதினால், அணு ஆயுதம் வைத்திருக்கும் நம்மை எப்படி வீழ்த்துவார்கள்? நம் நினைவுகளைக் கொண்டே ஓர் ஊரைக் கட்டி, நம்மைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொருவரையும் ஒவ்வொரு படுக்கையில் தூங்க வைத்துவிட்டால் போதாதா? அவன் ஓசைப்படாமல் எழுகிறான். எங்கே போகிறாய் என்று பக்கத்துப் படுக்கையிலிருந்து சகோதரனின் குரல் கேட்கிறது. தண்ணீர் குடிக்க என்கிறான். உனக்குத் தாகம் இல்லையே என்கிறது குரல். கேப்டன் கதவை எட்டவே இல்லை. மறுநாள் ஊரே கூடி, பேண்டு வாத்தியம் முழங்க, சவப்பெட்டிகளைப் புதைக்கிறது. அழுகிறவர்களின் முகங்கள் மெழுகாய் உருகி வேறு எதுவாகவோ மாறிக்கொண்டிருக்கின்றன.

ரே பிராட்பரியின் இந்தக் கதை 1948இல் ‘பிளானட் ஸ்டோரிஸ்’ இதழில் ‘மார்ஸ் இஸ் ஹெவன்’ என்ற தலைப்பில் வந்தது. 1950இல் ‘தி மார்ஷியன் கிரானிக்கிள்ஸ்’ நூலில் ஓர் அத்தியாயமானது. விண்வெளியில் தனித்து விடப்பட்டவர்களை வேற்றுக்கிரக உயிர் ஏமாற்றிச் சிக்கவைக்கும் கதைகள் ஆயிரம் இருக்கின்றன. பெரும்பாலானவற்றை ஒருமுறை படித்துவிட்டு மறந்துவிடலாம். பிராட்பரியுடையதை அப்படி மறக்க முடியாததற்குக் காரணம் அந்தச் சவ ஊர்வலம் மட்டுமல்ல என்று நினைக்கிறேன். இந்த வகைக் கதைகள் எல்லாமே திறந்து வைத்திருக்கும் ஒரு வாசலை அவர் அடைத்துவிட்டார். அது எந்த வாசல் என்பதைப் பார்க்க, கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டும்.

முதலில் ஓர் அடிப்படைக் கேள்வி. வேறொரு கோளில், வேறொரு பரிணாமப் பாதையில் வந்த உயிருக்கு, மனிதன் எதற்கு மயங்குவான் என்று எப்படித் தெரியும்? பூமியில் ஏமாற்றிப் பிடிக்கும் உயிர்களைப் பாருங்கள். வட அமெரிக்காவில் ஃபோட்டூரிஸ் என்ற மின்மினிப் பேரினம் உண்டு. ஃபோட்டினஸ் என்ற வேறு பேரினத்தின் ஆண் பறந்தபடி மின்னும்போது, கீழே புல்லில் இருக்கும் ஃபோட்டூரிஸ் பெண், அந்த இனத்துப் பெண் எத்தனை நொடி கழித்துப் பதில் ஒளி தருமோ அதே இடைவெளியில் மின்னுகிறது. ஆண் ஆசையோடு இறங்குகிறது, இரையாகிறது. ஜேம்ஸ் லாயிட் என்ற பூச்சியியலாளர் 1965இல் ‘சயன்ஸ்’ இதழில் இதை விவரித்தார். அந்துப்பூச்சிப் பெண்ணின் வாசனையைத் தயாரித்து, மயங்கி வரும் ஆண் பூச்சியைப் பசை உருண்டை கட்டிய நூலால் அடித்துப் பிடிக்கும் சிலந்தியும் உண்டு. இவற்றில் எதற்கும் சூழ்ச்சி என்று ஒன்று தெரியாது. வேட்டையாடியும் இரையும் ஒரே காட்டில், இலட்சக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்ததால் உருவான பூட்டும் சாவியும் அவை.

செவ்வாய்க்கும் நமக்கும் அப்படி ஒரு பொது வரலாறு கிடையாது. மனிதனைப் பார்த்தே இராத ஓர் உயிர் மனிதனுக்கான இரையைச் செய்துவைத்திருப்பது அறிவியல்படி நடக்காத காரியம். கதாசிரியர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி, மனத்தைப் படிக்கும் ஆற்றல். தூண்டிலை மட்டும் வேற்றுக்கிரகவாசி வைத்துக்கொள்வான்; அதில் மாட்டும் புழுவை அகப்படுகிறவனின் மண்டையிலிருந்தே எடுத்துக்கொள்வான். கதைக்கான சௌகரியம்தான் இது, மறுப்பதற்கில்லை. ஆனால் இந்தச் சௌகரியத்தால் கதையின் பொருளே மாறிவிடுகிறது. அயலான் எவ்வளவு தந்திரசாலி என்பது இரண்டாம் பட்சமாகி, வந்தவன் ஊரிலிருந்து எந்த ஏக்கத்தை மூட்டை கட்டிக்கொண்டு வந்தான் என்பது முன்னால் வந்துவிடுகிறது.

இதை அறிவியல் புனைவில் தெளிவாகச் செய்து காட்டிய முன்னோடி ஸ்டான்லி வைன்பாம். 1934 ஜூலையில் ‘ஒண்டர் ஸ்டோரிஸ்’ இதழில் வந்த ‘எ மார்ஷியன் ஒடிஸி’ அவரது கதை. அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே இறந்துபோனார். அவருடைய நாயகன் ஜார்விஸ், செவ்வாயில் சிறிய ராக்கெட் ஒன்றில் போய் விழுந்து நொறுங்கி, தாய்க்கலத்துக்குக் கால்நடையாகத் திரும்புகிறான். வழியில், கறுப்புக் கயிறுகள் போன்ற கைகள் கொண்ட ஒரு பிராணியிடம் பறவை மாதிரியான ஓர் உயிர் சிக்கித் தவிப்பதைப் பார்த்து, சுட்டுக் காப்பாற்றுகிறான். அதற்கு டுவீல் என்று பெயர். இருவரும் சேர்ந்து நடக்கிறார்கள். பிறகொரு நாள், பாலைவனத்தின் நடுவே ஜார்விஸுக்கு நியூயார்க்கில் தெரிந்த ஃபேன்ஸி லாங் என்ற பெண் நின்று கையசைக்கிறாள். அவன் அவளை நோக்கி நடக்கிறான். டுவீல் தடுத்து, அந்தப் பெண்ணைச் சுடுகிறது. விழுந்தது அதே வகைக் கறுப்புக் கயிற்றுப் பிராணி.

இரண்டு சம்பவங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். டுவீல் சிக்கியபோது ஜார்விஸ் பார்த்தது வெறும் கறுப்புக் கைகளைத்தான். டுவீலுக்கு அந்தப் பிராணி எதைக் காட்டி மயக்கியதோ, அது ஜார்விஸுக்கு ஒரு பொருட்டே இல்லை. அதுபோலவே டுவீலுக்கு நியூயார்க்கும் தெரியாது, ஃபேன்ஸி லாங்கும் தெரியாது. ஒருவருக்கான இரை இன்னொருவரைத் தொடவில்லை என்பதால்தான் இருவரும் பிழைக்கிறார்கள். நான் சொன்ன வாசல் இதுதான். இரை யாருக்கு வைக்கப்படவில்லையோ, தாகம் யாருக்கு எடுக்கவில்லையோ, பொறி வைத்தவனும் அகப்பட்டவனும் அல்லாத அந்த மூன்றாமவன்தான் இந்தக் கதைகளில் தப்பிக்கும் வழி.

கதை விண்வெளிக்குப் போவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கடலோரங்களில் இதே ஏற்பாடு இருந்தது. வலாகஸ்ஸ ஜாதகம் என்ற பௌத்தக் கதையில், கப்பல் உடைந்து ஐந்நூறு வணிகர்கள் தம்பபண்ணித் தீவில், அதாவது இலங்கையில், ஒதுங்குகிறார்கள். யட்சிகள் இடுப்பில் குழந்தையோடு பெண்களாக வந்து வரவேற்கிறார்கள். வந்தவர்கள் சந்தேகப்படக் கூடாது என்பதற்காக, அங்கங்கே ஏர் உழுகிற ஆட்களையும் மேய்கிற மாடுகளையும் நாய்களையும் மாயையால் தோன்றவைக்கிறார்கள். பிராட்பரியின் ஊரைப் போல இதுவும் ஒரு ‘செட்’தான். வணிகர் தலைவனுக்கு உண்மை தெரியவருவதும் இரவில், படுக்கையில்தான். எழுந்து போன மனைவி திரும்பி வந்து படுக்கும்போது அவள் உடல் சில்லிட்டிருக்கிறது. எங்கோ மனித மாமிசம் தின்றுவிட்டு வந்திருக்கிறாள். அவன் தோழர்களிடம் சொல்கிறான். பாதிப் பேர் அவனோடு கிளம்பிப் பறக்கும் குதிரையில் தப்பிக்கிறார்கள். மீதிப் பேருக்குப் பெண்களை விட்டுவர மனமில்லை.

மகாவம்சத்தின் குவேனி கதை இன்னும் நுணுக்கமானது. இளவரசன் விஜயனின் ஆட்கள் இலங்கைக் கரையில் களைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். யட்சி ஒருத்தி நாய் வடிவில் வருகிறாள். ஒருவன் அதன் பின்னால் போகிறான். நாய் இருந்தால் ஊர் இருக்கும் என்பது அவன் கணக்கு. தப்பான கணக்கென்று யாரும் சொல்ல முடியாது. திக்குத் தெரியாத இடத்தில் அறிவுள்ள எவனும் அதைத்தான் செய்வான். நாய் கொண்டுபோய் விட்ட இடத்தில் ஒரு குளம். மரத்தடியில் தவப்பெண் போல நூல் நூற்றுக்கொண்டிருக்கும் குவேனி. குளித்து, தண்ணீர் குடித்தவன் பிடிபடுகிறான். மணிக்கட்டில் கட்டிய காப்பு நூல் இருப்பதால் அவளால் தின்ன முடியவில்லை, பள்ளத்தில் தள்ளுகிறாள். இப்படி ஒவ்வொருவனாக எழுநூறு பேர். தேடி வந்த விஜயன் குளக்கரையில் கவனிப்பது காலடித் தடங்களை. இறங்கியவை இருக்கின்றன, ஏறியவை இல்லை. அவன் குளிக்கவில்லை, குடிக்கவில்லை, அவளைப் பிடித்துவிடுகிறான். பிறகு அவள் எடுத்துக் கொடுக்கும் அரிசியும் பண்டங்களும், அவள் முன்பு தின்று தீர்த்த வணிகர்களின் கப்பல்களிலிருந்து வந்தவை என்று மகாவம்சம் போகிறபோக்கில் சொல்லிவைக்கிறது. நான் படித்த எந்த விண்வெளிக் கதையிலும் இவ்வளவு குளிர்ச்சியான ஒரு வரி கிடையாது.

மாரீசனும் இந்தப் பரம்பரைதான். பொன்மான் சீதைக்கு வைத்த இரை. இலக்குவன் அதில் மயங்கவில்லை, மாயம் என்று சொல்லித் தடுக்கிறான். அதனால் சூழ்ச்சிக்கு இரண்டாம் பாகம் தேவைப்படுகிறது. சாகும்போது மாரீசன் இராமன் குரலில் கதறுகிறான். அதற்கும் இலக்குவன் அசையவில்லை. கடைசியில் அவனை அங்கிருந்து நகர்த்தியது அரக்கனின் மாயை அல்ல, சீதையின் சுடுசொல். மயங்காதவனை அப்புறப்படுத்தினால்தான் பொறி வேலை செய்யும் என்பது அந்தக் கதை கட்டியவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

இப்போது பிராட்பரி அடைத்த வாசல் தெரியும். அவருடைய கதையில் எல்லோருக்கும் ஓர் இறந்தவர் இருக்கிறார். குழுவில் தாகமில்லாதவன் என்று ஒருவன்கூட மிச்சமில்லை. கேப்டன் தனக்குத்தானே அந்த மூன்றாமவனாக மாறப் பார்க்கிறான், நள்ளிரவில், தாமதமாக. பக்கத்துப் படுக்கைக் குரல் அவன் தாகத்தையும் படித்துவிடுகிறது.

1964இல் ‘ஸ்டார் டிரெக்’ தொடருக்காக ஜீன் ராடன்பெரி எடுத்த முதல் முன்னோட்டப் படம் ‘தி கேஜ்’. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் காணாமல்போன ‘கொலம்பியா’ என்ற கலத்திடமிருந்து உதவிக் குரல் வருகிறது. டாலோஸ் என்ற விண்மீனின் நான்காம் கோளில் இறங்கினால், தாடி வளர்ந்த கிழ விஞ்ஞானிகளின் முகாம், நடுவே வீனா என்ற இளம்பெண். உதவ வந்த கேப்டன் பைக் அவள் பின்னால் போய்ப் பிடிபட்டதும் முகாமும் கிழவர்களும் மறைந்துபோகிறார்கள். பாறைக்கடியில் கண்ணாடிக் கூண்டு. பெருந்தலை டாலோசியர்கள் அவன் நினைவுகளிலிருந்து ஒரு கோட்டை, சொந்த ஊரில் குதிரையோடு ஒரு பிக்னிக், பச்சை நிற நடனக்காரி என்று மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள்.

மனத்தைப் படிக்கும் வேற்றுக்கிரகவாசி தொலைக்காட்சிக்கு ஏன் இவ்வளவு பிடித்துப்போனான் என்பதற்குப் பணச் சிக்கனமும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. நினைவில் உள்ள பூமியைத்தான் அவன் காட்டுகிறான் என்றால், ஸ்டூடியோவில் ஏற்கெனவே நிற்கும் கோட்டை மதிலும் புல்வெளியும் போதும். புதுக் கிரகம் கட்டவேண்டாம்.

அந்தச் சிக்கனத்துக்குள் ராடன்பெரி இரண்டு நல்ல காரியங்களைச் செய்தார். ஒன்று, இரையாக வந்த வீனாவே அங்கே கைதி. விபத்தில் பிழைத்த ஒரே மனுஷி அவள்தான். மனித உடலைப் பார்த்தே இராதவர்கள் அவளைத் தைத்துப் பிழைக்க வைத்ததில் உருக்குலைந்து போனவள். அழகு அவர்கள் போர்த்திய மாயை. மற்றொன்று, பொறி வைத்தவர்களும் பொறிக்குள்தான் இருக்கிறார்கள். போரில் தரைமேல் வாழ்வு அழிந்து நிலத்தடிக்குப் போன டாலோசியர்கள், பிறர் நினைவுகளைப் பார்த்துச் சுகிப்பதிலேயே மூழ்கி, முன்னோர் விட்டுச்சென்ற இயந்திரங்களைப் பழுதுபார்க்கவும் மறந்துவிட்டவர்கள். மூளைக்கு அதிக வேலை வைக்கிறது என்று என்பிசி நிறுவனம் இந்தப் படத்தை ஒதுக்கிவிட்டு இன்னொன்று எடுத்துத்தரச் சொன்னது. பிறகு 1966இல் இதன் காட்சிகளை ‘தி மெனாஜெரி’ என்ற இரு பாகக் கதைக்குள் செருகிப் பயன்படுத்தினார்கள்.

1965 செப்டம்பரில் சிபிஎஸ்ஸில் தொடங்கிய ‘லாஸ்ட் இன் ஸ்பேஸ்’ இந்த உயரத்துக்கு வரவில்லை, வர ஆசைப்படவும் இல்லை. மூன்று பருவங்கள், 83 பகுதிகள். கடைசிப் பருவத்தில் பேசும் கேரட் மனிதன் வரை போய்விட்டார்கள். ஆனால் அதில் டாக்டர் ஸ்மித் இருக்கிறார். ராபின்சன் குடும்பத்தின் கலத்தைக் கெடுக்க ஏறி, இறங்க முடியாமல் அகப்பட்டுக்கொண்ட நாசகாரர். பூமிக்குத் திரும்பவேண்டும் என்ற ஒரே ஏக்கம் அவரை எவன் விரித்த வலையிலும் முதலில் விழவைக்கும். ஒரு பகுதியில், பழுதான தம் கலத்துக்கு உதிரிப்பாகமாக மனித மூளை தேடும் அயலார்கள் ஸ்மித்தைப் பிடிக்கிறார்கள். என் மூளையைவிட ராபின்சன் வீட்டுச் சிறுவன் வில்லின் மூளை உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் என்று பேரம் பேசி, அவனை அழைத்து வரக் கிளம்புகிறார். மனத்தைப் படிக்கும் சிரமம் இங்கே தேவைப்படவில்லை. வில்லை எதைச் சொல்லிக் கூப்பிட்டால் வருவான் என்பது ஸ்மித்துக்கு ஏற்கெனவே தெரியும்.

அதே 1965இல் இத்தாலியில் மாரியோ பாவா ‘டெரோரே நெல்லோ ஸ்பாஸியோ’ எடுத்தார். கையில் காசில்லாமல், இரண்டு போலிப் பாறைகளையும் புகையையும் வைத்தே ஒரு கோளை உருவாக்கியதாகப் பேர்பெற்ற படம். அதில் ஆர்கோஸ், கேலியட் என்ற கலங்களைக் கோளுக்கு இழுப்பது ஓர் உதவிக் குரல். வீட்டு ஏக்கத்திலிருந்து கடமைக்கு இரை மாறுகிற இடம் இது. கடலில் தவிக்கும் கலத்துக்கு உதவியே ஆகவேண்டும் என்பது மாலுமிகளின் பழைய தர்மம். ஆபத்திலுள்ள விண்வெளி வீரர்களை மீட்க உதவவேண்டும் என்று 1968இல் பன்னாட்டு ஒப்பந்தமே கையெழுத்தானது. உதவிக்கு ஓடி வருகிறவனுக்குப் பொறி வைப்பது மாரீசன் குரலின் நேர் வாரிசு.

1979இல் வந்த ரிட்லி ஸ்காட்டின் ‘ஏலியன்’ இந்த இரையையும் ஒரு திருகு திருகியது. ‘நோஸ்ட்ரோமோ’ சரக்குக் கலம். சமிக்ஞை வந்ததும் கணினி பணியாளர்களை உறக்கத்திலிருந்து எழுப்புகிறது. எங்களுக்கு இதற்கெல்லாம் சம்பளம் இல்லை என்று இன்ஜின் அறை ஆட்கள் முணுமுணுக்கிறார்கள். அறிவின் தடயம் உள்ள எந்தச் சமிக்ஞையையும் ஆராயத்தான் வேண்டும், மறுத்தால் பங்குத்தொகை முழுக்கப் பறிபோகும் என்று ஒப்பந்த வாசகத்தை எடுத்துச் சொல்கிறான் அறிவியல் அதிகாரி ஆஷ். அத்தோடு விவாதம் முடிந்தது. இறந்த தாயும் இல்லை, பாலைவனத்துப் பெண்ணும் இல்லை. கூலி போய்விடும் என்ற பயம் போதுமானதாக இருக்கிறது. ஆட்கள் வெளியே போன பிறகு ரிப்ளி உட்கார்ந்து சமிக்ஞையைப் பிரித்துப் படிக்கிறாள். அது உதவிக் குரலே அல்ல, எச்சரிக்கை. அந்தக் கோளில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. வராதே என்று சொன்னதை வா என்று மாற்றியது, உயிரைப் பிடித்து வா, பணியாளர் போனாலும் பரவாயில்லை என்று ரகசிய ஆணை கொடுத்த முதலாளி நிறுவனம். இங்கே மூன்றாமவள் ரிப்ளி. நோய்த்தடுப்பு விதியைச் சொல்லி, பாதிக்கப்பட்டவனை உள்ளே விட மறுக்கிறாள். ஆஷ் அவளைக் கேட்காமல் கதவைத் திறந்துவிடுகிறான். இலக்குவனை அப்புறப்படுத்திய அதே வேலை, இந்த முறை ஒரு பொத்தான் அளவில்.

உண்மையான விண்வெளியில் இதற்கு நெருங்கிய ஒன்று 2024 ஆகஸ்ட் 31 அன்று நடந்தது. எட்டு நாள் பயணமாகப் போய், கலத்தில் கோளாறு என்பதால் சர்வதேச விண்வெளி நிலையத்திலேயே தங்கிவிட்ட புட்ச் வில்மோர், தாங்கள் வந்த ஸ்டார்லைனர் கலத்தின் ஒலிபெருக்கியிலிருந்து விட்டுவிட்டு ஒரு விநோத ஒலி வருவதாக ஹூஸ்டனுக்குத் தெரிவித்தார். நீர்மூழ்கியின் சோனார் போன்ற துடிப்பு. ஆளில்லாத கலத்திலிருந்து தட்டும் ஓசை! கதாசிரியன் கையில் கிடைத்திருந்தால் விடுவானா? வில்மோர் செய்தது, ஒலிவாங்கியை ஒலிபெருக்கியின் அருகே பிடித்து, உங்களுக்கும் கேட்கிறதா என்று கீழே இருந்தவர்களைக் கேட்டது. கேட்டது. நிலையத்துக்கும் கலத்துக்கும் இடையிலான ஒலி இணைப்பின் பின்னூட்டம் என்று பிறகு நாசா விளக்கியது. அவரும் உடன் போயிருந்த சுனிதா வில்லியம்ஸும் மொத்தம் 286 நாள் விண்வெளியில் இருந்துவிட்டு 2025 மார்ச்சில் வேறொரு கலத்தில் பூமிக்குத் திரும்பினார்கள். இந்த வகைக் கதைகள் முதல் வேலையாகத் தகவல் தொடர்பைத் துண்டித்துவிடுவது ஏன் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் கிடையாது. ஹூஸ்டனுக்கு ஊர் ஏக்கம் இல்லை.

2018இல் நெட்ஃபிளிக்ஸ் ‘லாஸ்ட் இன் ஸ்பேஸை’ப் புதிதாக எடுத்தபோது பாத்திரங்களின் இடங்களே மாறிவிட்டன. வேற்றுக்கிரகத்து ரோபோ, தன்னைக் காப்பாற்றிய சிறுவன் வில்லுக்கு விசுவாசமாக இருக்கிறது. டாக்டர் ஸ்மித் இப்போது ஒரு பெண். அந்தப் பெயரே திருட்டுப் பெயர். மற்றவர்களின் பயத்தையும் குற்றவுணர்வையும் நோட்டமிட்டு, அவரவருக்கு வேண்டியதைப் பேசி ஒட்டிக்கொள்கிறவள். டாலோசியன் செய்ததை மனத்தைப் படிக்காமலே செய்கிறாள். அதே ரோபோ முன்பு மனிதர்களைத் தாக்க வந்த காரணமும் முதல் பருவத்திலேயே வெளிப்பட்டுவிடுகிறது. பூமியில் விழுந்த அயலார் கலத்திலிருந்து ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு, அந்த உண்மையைக் குடியேறிகளிடமும் மறைத்து, அதைக் கொண்டே விண்மீன்களுக்குக் கலம் ஓட்டியவர்கள் மனிதர்கள். ரோபோ தன் பொருளைக் கேட்டு வந்திருக்கிறது.